கேள்வித்தாளில் வரும் துப்புரவுத் தொழிலாளி

(வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பியவர்களுக்காக நடக்கும் ஞாயிறு படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உரிமத் தேர்வுக்கு அடிப்படை அறிவியல் பாடங்களையும் மருத்துவமனைப் பாடங்களையும் எப்படித் திருப்பிப் படிப்பது என்று பேசச் சொன்னீர்கள். இங்கே பாதிப் பேர்தான் தேர்வு எழுதப் போகிறவர்கள். மீதிப் பேர் இயக்கத் தோழர்கள். உயிர்வேதியியலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று உட்கார்ந்திருக்கலாம். தொடர்பு இருக்கிறது. ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேர்வு என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரஷ்யா, உக்ரைன், சீனா, பிலிப்பைன்ஸ் என்று வெளியே போய் மருத்துவம் படித்துவிட்டு வரும் இந்தியர், இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய எஃப்.எம்.ஜி.இ. என்ற தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். 2002 முதல் நடக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை. 300 கேள்விகள், காலையில் 150, மாலையில் 150. ஒவ்வொரு பகுதிக்கும் 150 நிமிடம். அதாவது கேள்விக்கு ஒரு நிமிடம். 150 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. எல்லாம் ஆங்கிலத்தில். பல பருவங்களில் எழுதுகிறவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் தேறுகிறார்கள். 2023 ஜூனில் அது பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது.

இந்த எண்ணைச் செய்தித்தாளில் பார்த்தவுடன் நம் ஆட்களிலேயே சிலர் சொல்வது: "நீட்ல தேறாதவன், காசு கொடுத்து வெளிநாடு போனவன், அவன் எப்படித் தேறுவான்?" 'மெரிட்' என்ற சொல் நம் வீட்டுக்குள்ளேயே எவ்வளவு ஆழமாக வந்து உட்கார்ந்துவிட்டது பாருங்கள். 1200க்கு 1176 எடுத்த அனிதாவை 2017இல் இழந்த மாநிலம் இது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி ஆணை வீழ்த்தப்பட்டதும் மருத்துவக் கல்லூரி இடத்தை வைத்துத்தான். அந்த அம்மையார் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. தகுதி பற்றிய பேச்சு இந்த நாட்டில் எப்போதும் மருத்துவ இடத்தில் வந்துதான் முட்டும். ஏனென்று கேட்டால், நோயாளியின் உயிர் என்று சொல்வார்கள். நல்லது, நோயாளியைப் பற்றியே பேசுவோம்.

என் அப்பா ஒரு பேரூராட்சியில் துப்புரவுப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவின் நகை, கூட்டுறவு வங்கிக் கடன், தாய்மாமன் வட்டியில்லாமல் கொடுத்த பணம் என்று எல்லாம் சேர்த்து ரஷ்யாவில் ஆறு ஆண்டு படித்தேன். திரும்பி வந்து முதல் முறை எழுதியபோது நான்கு மதிப்பெண் குறைந்தது. இரண்டாவது முறை தேறினேன். இடையில் இருந்த மாதங்களில்தான், பயிற்சி மையம் ஒன்றுக்குக் கட்டப் பணமில்லாமல், வீட்டில் உட்கார்ந்து கேள்வி வங்கிகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். கேள்வியில் வரும் நோயாளிக்குப் பெயர் இருக்காது. வயது இருக்கும், பாலினம் இருக்கும், தொழில் இருக்கும். அந்தத் தொழில்தான் விடைக்கான சாவி.

"சாக்கடையில் வேலை செய்யும் 35 வயது ஆண், காய்ச்சல், மஞ்சள் காமாலை, கெண்டைக்கால் தசை வலி, கண் சிவந்திருக்கிறது, சிறுநீர் குறைந்திருக்கிறது." பயிற்சி மையத்தில் சொல்லிக் கொடுப்பது: சாக்கடை என்ற சொல்லைப் பார்த்தவுடன் லெப்டோஸ்பைரோசிஸ் என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போ. "தோல் பதனிடும் வேலை செய்பவர், கையில் வலியில்லாத கருத்த புண்" என்றால் ஆந்த்ராக்ஸ். அதற்குப் பழைய ஆங்கிலப் பாடநூல்களில் தோல் சுமப்பவர் நோய் என்றே பெயர் உண்டு. "கல் குவாரித் தொழிலாளி" என்றால் சிலிக்கோசிஸ், கூடவே காசநோய். "வெறுங்காலோடு வயலில் வேலை செய்யும் பெண்" என்றால் கொக்கிப்புழு, இரத்தசோகை.

இந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். சாக்கடை, தோல், கல், வெறுங்கால். நம் நாட்டில் இந்தச் சொற்களுக்கு ஒரு முகவரி உண்டு. தொழிலைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடுகிற நாட்டில் கேள்வித்தாள் தொழிலை மட்டும் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுகிறது. சாதி என்பது உழைப்பைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைப்பவர்களையே பிரித்து அடுக்கி வைக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அந்த அடுக்கு நோயையும் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது. தேர்வு எழுதுகிறவருக்கு அது ஒரு மதிப்பெண்.

அமெரிக்காவில் இதேபோன்ற விவாதம் நடந்திருக்கிறது. அங்குள்ள உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.க்குத் தயாரிக்கும் கேள்வி வங்கிகளில் நோயாளி கறுப்பினத்தவர் என்று சொன்னாலே குறிப்பிட்ட சில நோய்களை நினைக்கும்படி மாணவர்கள் பழக்கப்படுகிறார்கள் என்று அங்குள்ள மருத்துவ மாணவர்களே எதிர்த்துக் கேட்டார்கள். சிறுநீரகச் செயல்பாட்டைக் கணக்கிடும் சூத்திரத்தில் கறுப்பினத்தவருக்கு என்று தனியாக ஒரு பெருக்கல் எண் வைத்திருந்தார்கள். 2021இல் அது இல்லாத புதிய சூத்திரம் வந்தது. நம் கேள்வித்தாள்களின் தொழிலைப் பற்றி நாம் இன்னும் அப்படிக் கேட்கத் தொடங்கவில்லை. தொழிலைக் கேள்வியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் கோரிக்கை இல்லை. எடுத்தால் இன்னும் மோசம், மருத்துவர் நோயாளியிடம் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்க வேண்டியது கட்டாயம். கேட்டபிறகு என்ன செய்கிறார் என்பதுதான் பிரச்சினை.

இப்போது படிக்கும் முறைக்கு வருகிறேன். 300 கேள்விகளில் 100 அடிப்படைப் பாடங்களுக்கு. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் தலா 17. நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல் தலா 13. சட்டம் சார்ந்த மருத்துவம் 10. மீதி 200 மருத்துவமனைப் பாடங்களுக்கு. பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, சமூக மருத்துவம் ஒவ்வொன்றும் 30ஐத் தொட்டு நிற்கும். எல்லோரும் செய்வது, உடற்கூறியலை முதல் பக்கத்திலிருந்து தொடங்கி மூன்றாவது மாதம் மருந்தியலில் களைத்துப்போய் நிற்பது. படித்து நான்கு ஐந்து ஆண்டு ஆன பாடத்தை அப்படிப் பிடிக்க முடியாது. ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு கீழ்நோக்கித் தோண்டுங்கள். நான் தோண்டிய ஒரு குழியைக் காட்டுகிறேன்.

மலக்குழிக்குள் இறங்கிய ஒருவர் சில நொடிகளில் சுருண்டு விழுகிறார். அவரைத் தூக்க இறங்கிய அண்ணனும் விழுகிறார். மூன்றாவதாக ஒருவர். இந்தச் செய்தியை நீங்கள் எத்தனை முறை படித்திருப்பீர்கள்?

மலம் அழுகும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. அழுகிய முட்டை நாற்றம். ஆனால் செறிவு கூடினால் அந்த வாயு முகரும் நரம்பையே செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுபோவதால் வாயு போய்விட்டது என்று உள்ளே இருப்பவர் நினைக்கலாம். இது உடலியங்கியல். உள்ளே போன வாயு செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதியைப் பிடித்து நிறுத்துகிறது. எலக்ட்ரான் கடத்தும் சங்கிலியின் நான்காவது கண்ணி அது. சயனைடு பிடிக்கும் அதே இடம். இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தாலும் செல்லால் பயன்படுத்த முடியாது. லாக்டிக் அமிலம் ஏறுகிறது. உயிர்வேதியியலில் நீங்கள் மனப்பாடம் செய்த அந்தச் சங்கிலி இதுதான். சிகிச்சை என்ன? முதலில் வெளியே கொண்டுவருவது, முழு ஆக்சிஜன், மூச்சுக்கும் இரத்த ஓட்டத்துக்கும் முட்டுக் கொடுப்பது. சோடியம் நைட்ரைட் கொடுத்து மெத்தீமோகுளோபின் உண்டாக்கி அந்தச் சல்பைடை இழுத்துக்கொள்ளச் செய்யலாம் என்பது மருந்தியல். சயனைடுக்கு அதோடு தையோசல்பேட்டும் கொடுப்போம், இதில் அதற்கு வேலையில்லை. தேர்வில் இந்த வேறுபாட்டை விரும்பிக் கேட்பார்கள். இறந்துவிட்டால் உடலில் பச்சை நிறச் சாயல், சட்டைப்பையில் இருந்த நாணயம் கறுத்திருப்பது ஆகியவை சட்டம் சார்ந்த மருத்துவம். ஒரே மனிதர், நான்கு பாடம்.

பயிற்சி மையத்துக் குறிப்பேடு இங்கே முடியும். நம்முடையது முடியக் கூடாது. சமூக மருத்துவத்தில் சட்டங்கள் வரும். கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிரான முதல் சட்டம் 1993இல். பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறக்குவதையும் தடைசெய்த சட்டம் 2013இல். 2014இல் உச்சநீதிமன்றம் இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அவசரப் பிரிவில் அன்று இரவுப் பணியில் இருக்கும் மருத்துவர் "மூச்சுத்திணறல்" என்று ஒற்றைச் சொல் எழுதுகிறாரா, "மலக்குழிக்குள் இறங்கியபோது, நச்சுவாயு" என்று எழுதுகிறாரா? அந்தக் குறிப்பு பின்னால் வழக்கில் சான்றாக நிற்கும். "அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்துச்சுன்னு சொல்லிடுங்க" என்று ஒப்பந்தக்காரர் குடும்பத்தை மிரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், நோயாளி வரலாறு என்ற அந்த ஒரு பத்திக்கு என்ன எடை என்று யோசியுங்கள். நொதி தெரிந்த மருத்துவருக்குத்தான் அதை உறுதியாக எழுதும் துணிச்சலும் வரும். உயிர்வேதியியலை அலட்சியமாக விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

கொக்கிப்புழுவைக் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன். மலம் கலந்த ஈர மண்ணிலிருந்து புழுவின் இளம்பருவம் வெறுங்காலைத் துளைத்து ஏறி, நுரையீரல் வழியே சுற்றி, சிறுகுடலில் வந்து தங்கி இரத்தம் உறிஞ்சுகிறது. இரும்புச்சத்து உறிஞ்சப்படும் இடம் முன்சிறுகுடல்: உடற்கூறியல். ஹெப்சிடின்: உயிர்வேதியியல். இரத்தப் பூச்சில் சிறுத்து வெளுத்த அணுக்கள்: நோய்க்குறியியல். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளை: மருந்தியல். கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே ஹீமோகுளோபின் என்றால் இரத்தசோகை: மகப்பேறு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை: சமூக மருத்துவம். ஊர்த் தெருவில் சேரிக்காரர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று கட்டளையிட்ட ஊர்கள் நம்முடையவை. செருப்புத் தடையால்தான் கொக்கிப்புழு வந்தது என்று மேடைக்காகச் சொல்லிவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். அது அறிவியல் இல்லை. புழு இருப்பது கழிப்பிடம் இல்லாத குடியிருப்பின் ஓரத்திலும் வேலை செய்யும் வயலிலும் தோப்பிலும். கழிப்பிடம் யாருக்கு இல்லை, அடுத்தவர் வயலில் யார் இறங்குகிறார்கள் என்று போனால் சரியான வழியில் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்வோம்.

மொழி. ஆறு ஆண்டு ரஷ்யாவில் நோயாளி ரஷ்ய மொழியில் பேசுவார், பேராசிரியர் நமக்காக ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்வார், நாம் கட்டிலிலிருந்து நான்கடி தள்ளி நிற்போம். பாம்புக்கடியும் பூச்சிமருந்து குடித்தவரும் தொழுநோயும் அந்த வார்டுகளில் கண்ணில் படவே இல்லை. திரும்பி வந்தால் கேள்வி அதில்தான். இங்கே தமிழ்வழியில் படித்துவிட்டுப் போனவர்களுக்கு ஆங்கிலக் கேள்வியை ஒரு நிமிடத்தில் படித்து முடிப்பதே பாதிப் போராட்டம். அதனால் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சித் தேர்வில் தவறாகப் போன ஒவ்வொரு கேள்வியையும் மூன்றில் ஒரு கட்டத்தில் போடுங்கள்: பாடமே தெரியாது, பாடம் தெரியும், ஆங்கிலம் புரியவில்லை, இரண்டும் தெரியும், ஒன்றோடொன்று இணைக்கத் தெரியவில்லை. இந்த வட்டத்தில் போன ஆண்டு இருந்தவர்களின் நோட்டுகளைப் பார்த்தேன். இரண்டாவது கட்டம்தான் நிரம்பி வழிந்தது. அதைப் பார்த்த பிறகு ஒரு தம்பி "அக்கா, நான் மக்குன்னு நெனச்சேன்" என்றார். அவருக்கு நோய்க்குறியியல் நன்றாகவே தெரியும். பேசுவது தமிழில் பேசுங்கள், ஒருவருக்கொருவர் தமிழில் சொல்லிக் கொடுங்கள், விடை குறிப்பதை மட்டும் ஆங்கிலத்தில் பழகுங்கள். நாளை நோயாளியிடம் தமிழில்தானே பேசப் போகிறீர்கள்?

இனி தேர்வைப் பற்றி. இதன் சட்டப் பெயரே 'ஸ்கிரீனிங் டெஸ்ட்'. சமூக மருத்துவத்தில் நாம் இதே சொல்லைப் படிக்கிறோம். எந்தச் சலிப்புச் சோதனைக்கும் இரண்டு வகைப் பிழை உண்டு. நோய் இருப்பவரை இல்லை என்று விட்டுவிடுவது, இல்லாதவரை இருக்கிறது என்று பிடித்துவிடுவது. எது எவ்வளவு என்று தெரிய, உறுதியான இன்னொரு சோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் தேர்வுக்கு அந்த ஒப்பீடு எங்கே? 149 எடுத்தவர் 151 எடுத்தவரைவிட நோயாளிக்கு ஆபத்தானவரா? கேள்வித்தாள் வெளியிடப்படுவதில்லை, கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று தேர்வர் ஒப்புக்கொண்டுதான் உட்கார வேண்டும். சோதனைக் கருவியையே பூட்டி வைத்துவிட்டுச் சோதனை முடிவை மட்டும் 'தகுதி' என்று ஊருக்குச் சொல்கிறார்கள். இதில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம், ஆறு மாதக் காத்திருப்பு, வளரும் வட்டி. உள்நாட்டில் கோடிகள் கொடுத்துத் தனியார் கல்லூரியில் படித்தவருக்கு உரிமத் தேர்வே இல்லை. கல்லூரித் தேர்வு போதும். இருவருக்கும் பொதுவாக நெக்ஸ்ட் என்ற தேர்வு வரும் என்று 2019 சட்டத்தில் எழுதினார்கள். 2023இல் விதிகளும் வந்தன, அடுத்த மாதமே தள்ளி வைத்தார்கள்.

அப்படியானால் தேர்வே வேண்டாமா என்று தோழர் ஒருவர் போன கூட்டத்தில் கேட்டார். என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். உரிமத் தேர்வு வேண்டும். அரைகுறையாகப் படித்த மருத்துவரிடம் போய் மாட்டிக்கொள்வது நம் சனம்தான். பணம் இருப்பவர் இரண்டாவது கருத்துக் கேட்க நகரத்துக்குப் போய்விடுவார். ஆரம்பச் சுகாதார நிலையத்தின் ஒரே நாற்காலியில் இருப்பவர் தவறு செய்தால் அதன் விலையைக் கொடுப்பது காலனித் தெரு. நான் கேட்பது வேறு. எல்லோருக்கும் ஒரே தேர்வு, கேள்வியும் விடையும் வெளிப்படையாக, தேறாதவருக்கு எந்தப் பாடத்தில் என்ன குறை என்ற விவரத்தோடு, அரசு மருத்துவக் கல்லூரியிலேயே இலவசமாகத் திருப்பிப் படிக்கும் வகுப்பு.

இன்னொன்றும் வேண்டும். 300 கொள்குறி வினாக்களால் அளக்கவே முடியாத ஒன்று இருக்கிறது: இந்த மருத்துவர் நோயாளியைத் தொடுவாரா? மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே, வயிற்றில் கை வைக்காமல், நாக்கைப் பார்க்காமல், பெயரையும் ஊரையும் மட்டும் கேட்டுவிட்டு மருந்து எழுதிய மருத்துவர்களை என் அம்மா பார்த்திருக்கிறார். 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா சடலத்தில் கத்தி வைத்தது தீட்டை உடைத்த நாளாகக் கொண்டாடப்படுகிறது. சரிதான். ஆனால் இன்றும் எத்தனை பிணவறைகளில் கபாலத்தைத் திறப்பதும் தைப்பதும் ஒரு துப்புரவுப் பணியாளரின் கை, குறிப்பு எடுப்பது மட்டும் மருத்துவரின் கை? பிரிட்டனின் பிளாப் தேர்வில் இரண்டாம் கட்டத்தில் நோயாளியாக நடிப்பவரிடம் பேசியும் பரிசோதித்தும் காட்ட வேண்டும். அமெரிக்காவில் அப்படி இருந்த ஒரு பகுதியை 2021இல் கைவிட்டார்கள். அளக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். இங்கே நெக்ஸ்ட் வந்தால் அதன் செய்முறைப் பகுதியில் யார் நோயாளியாக வைக்கப்படுகிறார், யார் மதிப்பெண் போடுகிறார் என்பதை நாம் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும். செய்முறைத் தேர்வில் மாணவரின் பெயரும் சாதியும் தேர்வாளருக்குத் தெரிந்துவிடும் என்ற ஆபத்தும் கூடவே இருக்கிறது. எய்ம்ஸில் நடந்த பாகுபாடு பற்றித் தோராட் குழு 2007இல் கொடுத்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள்.

அடுத்த ஞாயிறு பாம்புக்கடி. கட்டுவிரியன் கேள்வியில் "இரவு தரையில் படுத்திருந்தவர், விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை இறங்கியிருக்கிறது, கடித்த தடம் தெரியவில்லை" என்று வரும். தரையில் படுத்திருந்தவர் என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டு வாருங்கள், யார் ஏன் தரையில் படுக்கிறார் என்பதிலிருந்து தொடங்குவோம். இருபது நிமிட இரத்த உறைதல் சோதனைக்குப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாய்தான் வேண்டும், பிளாஸ்டிக் ஆகாது. குழாய்களை நான் கொண்டுவருகிறேன். பிலிப்பைன்சிலிருந்து வந்திருக்கும் தங்கை நஞ்சுமுறி மருந்தின் அளவையும் ஒவ்வாமை வந்தால் செய்ய வேண்டியதையும் ஒரு தாளில் தமிழில் எழுதிவர ஒப்புக்கொண்டிருக்கிறார். இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.